நரம்புப் பொடி செய்தவர்

சம்பளப் பட்டியலில் அவருடைய பெயருக்கு எதிரே 'தொழில்நுட்பவியலாளர், இரண்டாம் நிலை' என்று எழுதியிருக்கும். ஆனால், மருத்துவமனையின் பின்கட்டடத்தில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில், வாயிற்காவலர் முதல் தலைமை மருத்துவர் வரை எல்லாருக்கும் அவர் பொடியக்கா. ஐம்பத்து மூன்று வயது. மெலிந்த உருவம், அதிர்ந்து பேசாத வாய், தராசின் எண் கடைசி இலக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தால், அது அடங்கும்வரை மூச்சைக்கூட அளந்து விடுகிற பொறுமை. ஒரு வெள்ளைப் பொடியைச் செய்வதுதான் அவருடைய வேலை. அதை முதன்முதலில் கேள்விப்பட்ட நாத்தனார், "பொடின்னா மூக்குப்பொடியா, பல்பொடியா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் சிரித்தார்.

"மூக்குல போட்டா தும்மல்கூட வராது, அண்ணி. இது நரம்புக்குப் போடறது" என்று பொடியக்காவும் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார்.

நரம்பு அறுந்துபோனால், அறுவை மருத்துவர் அதன் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடலாம். ஆனால், தைத்த இடத்தைத் தாண்டி விரல்நுனிவரை நரம்பு தானாகத்தான் வளர்ந்து போய்ச் சேர வேண்டும். அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அவ்வளவு மெதுவாகப் போகிற நரம்பு வழியிலேயே சோர்ந்து நின்றுவிடாமல் இருக்க, அதை ஊக்கி வளர்க்கும் ஒரு புரதம் தேவை; அதற்கு வளர்ச்சிக் காரணி என்று பெயர். வெறுமனே ஊசியில் ஏற்றினாலோ, உடல் அதைச் சில மணி நேரத்தில் சிதைத்துவிடும். ஆகவே, உடலுக்குள் தானே கரைந்துவிடும் தையல்நூல் எந்தப் பொருளால் ஆகிறதோ, அதே பொருளைக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களைச் செய்து, அவற்றுக்குள் அந்தப் புரதத்தை அடைத்துவைப்பார் பொடியக்கா. துகள் நாள்தோறும் சிறிது கரையும். புரதமும் நாள்தோறும் சிறிது வெளிவரும். ஒரு மாதச் சாப்பாட்டை ஒரே வேளையில் கொட்டிவிடாமல் வேளாவேளைக்குப் பரிமாறுவது போன்ற ஏற்பாடு அது. முதல் நாளிலேயே பாதிக்குமேல் கொட்டிவிட்டால் அந்தப் பொடி குப்பைக்குத்தான் போகும்.

இந்த வேலையில் அவர் இவ்வளவு ஒன்றிப்போனதற்கு வீட்டிலும் ஒரு காரணம் இருந்தது. அவருடைய கணவர் பேருந்துப் பணிமனையில் பழுது பார்ப்பவராக இருந்தவர். ஒன்பது ஆண்டுகளுக்குமுன் ஒரு தகரம் வலது முன்கையைக் கிழித்தது. தைத்தார்கள், புண் ஆறியது. ஆனால், மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் உணர்ச்சி திரும்பவே இல்லை. கொதிக்கிற பாத்திரத்தில் அவை பட்டுப் பொசுங்கினாலும் அவருக்குத் தெரியாது; நாற்றம் வந்தபிறகே கையை எடுப்பார். சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் அவருக்குப் பொழுது விடிந்து அடைந்துவிடும். இருந்தாலும், மனிதர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளவில்லை. விருந்தாளிகளிடம் அந்த இரண்டு விரல்களையும் நீட்டி, "இவங்க ரெண்டு பேரும் நம்ம வீட்டுலதான் இருக்காங்க. கூப்பிட்டா மட்டும் வரமாட்டாங்க" என்று அறிமுகம் செய்துவைப்பார். பழைய காயத்துக்குத் தம் பொடி உதவாது என்பது பொடியக்காவுக்கு நன்றாகத் தெரியும். இனிமேல் வெட்டுப்படப்போகிற கைகளுக்கு அது உதவும் என்பதையே அவர் எண்ணிக்கொள்வார்.

பொடி செய்கிற நாளில் அவரை யாரும் இடைமறிக்க மாட்டார்கள். எண்ணெய்போன்ற கரைசலில் புரதநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, அதை மறுபடியும் நீரில் கலந்து, நான்கு மணி நேரம் சுழலவிட்டு, பிறகு சுழற்சிக் கருவியில் அடியில் படியவைத்து, மூன்று முறை தூய நீரால் கழுவுவார். கையுறைக்குள் விரல்கள் விறைத்துப்போகும். வேலை முடிந்ததும் தேநீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பொத்திக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். "அக்கா டீயைக் குடிக்கறதில்ல, போத்திக்கறாங்க" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

அந்தப் பொடி வேலை செய்தது. கால் நரம்பு அறுபட்ட எலிகளுக்கு அதை வைத்துத் தைத்தபோது, பத்தாவது வாரத்தில் அவை விரல்களை நன்றாக விரித்து ஊன்றி நடந்தன. பொடி வைக்கப்படாத எலிகளோ காலை இழுத்துக்கொண்டிருந்தன. முடிவுகள் ஓர் ஆய்விதழில் வெளியாயின. முதன்முதலாகப் பன்னிரண்டு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்ப்பதற்கான அனுமதியைக் கேட்டு, தலைமை மருத்துவர் விண்ணப்பமும் அனுப்பியிருந்தார். கைநரம்புகளைத் தைப்பதில் பேர்போன அறுவை மருத்துவர் அவர். பொடியக்காவைவிட இரண்டு வயது மூத்தவர்.

விண்ணப்பம் போன நான்காம் மாதம் ஒரு கடிதம் வந்தது. வேறொரு நகரத்துப் பேராசிரியர் எழுதியிருந்தார். ஆய்விதழில் சொன்ன முறையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றி மூன்று தடவை செய்துபார்த்தார்களாம். மூன்று தடவையும் முதல் நாளிலேயே பாதிக்குமேல் புரதம் கொட்டிவிட்டதாம். தங்கள் கட்டுரையில் ஒன்பது விழுக்காடு என்றிருக்கிறதே, அந்த எண் எவ்வாறு கிடைத்தது என்பதை அறிய விரும்புகிறோம் என்று எழுதியிருந்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால், இரண்டு மாதங்களுக்குள் தெளிவான விடை வராவிட்டால் ஆய்விதழுக்கே எழுத வேண்டியிருக்கும் என்ற கடைசி வரி, பஞ்சில் செருகிய ஊசியாக இருந்தது. அப்படி எழுதிவிட்டால் அனுமதி விண்ணப்பம் குப்பைக்குப் போகும். எட்டு ஆண்டு உழைப்பின்மேல் 'பொய்' என்ற முத்திரை விழும்.

அந்த ஒன்பது விழுக்காட்டை அளந்தவர் பொடியக்கா. ஏட்டில் எழுதியதும் அவருடைய கைதான்.

மருத்துவர் அவரைத் தம் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். கேட்க வந்ததைக் கேட்க முடியாமல் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். கடைசியில், "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. எங்கேயாவது... ஒரு எண்ணைக் கொஞ்சம் அழகாக்கி எழுதினோமா?" என்றார்.

பொடியக்காவின் முகம் சுண்டிவிட்டது. ஆனால், அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இப்படிக் கேட்காமல் விடுகிற மருத்துவரிடம் வேலை பார்ப்பதைவிட, கேட்கிற மருத்துவரிடம் வேலை பார்ப்பது மேல் என்று பிறகு கணவரிடம் சொன்னாராம். அன்று அவர் செய்தது, பதினான்கு ஏடுகளைக் கொண்டுவந்து மருத்துவரின் மேசைமீது அடுக்கியதுதான். அடித்துத் திருத்திய இடம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணமும் தேதியும் இருந்தன. பிறகு ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மறுபடியும் ஒருமுறை பொடி செய்தார். முதல் நாளில் எட்டரை விழுக்காடு வந்தது. பொய்யில்லை என்பது தெரிந்தது. ஆனால், அங்கே ஏன் வரவில்லை என்பது தெரியவில்லை.

"நான் அங்க போறேன் டாக்டர். அவங்க சாமானை வச்சு, அவங்க கண்ணு முன்னாலேயே செஞ்சுகாட்டறேன்" என்றார் பொடியக்கா.

கணவர் பெட்டியைக் கட்ட உதவினார். உதவினார் என்பதைவிட, பெட்டியின்மேல் உட்கார்ந்து மூடிக்கொடுத்தார் என்பது சரி. மூடும்போது, "அங்க போயி உனக்கும் வரலைன்னா என்ன செய்வே?" என்று கேட்டார்.

"வரலைன்னா, வரலைன்னு எழுதிக்கிட்டு வருவேன்."

"பேரு போயிடுமே?"

"எழுதாம வந்தாத்தாங்க போகும்" என்றார் அவர்.

அந்த ஆய்வுக்கூடம் பெரியது, எல்லாம் புதியது, தரை முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. பேராசிரியர் உயரமானவர், பேச்சைக் காசுபோல எண்ணிச் செலவழிப்பவர். வந்தவரை வரவேற்று, நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்துவிட்டு, ஒன்றே ஒன்று சொன்னார்: "எல்லாரும் கடைசியில தண்ணி மேலதான் பழியைப் போடுவாங்கம்மா. அதனால முன்னாடியே சொல்லிடறேன். எங்க தண்ணியை மூணு இடத்துல கொடுத்துப் பார்த்தாச்சு. சுத்தம்." தண்ணீரைக் குறை சொல்ல நான் வரவில்லை என்று பொடியக்காவும் பணிவாகவே பதில் சொன்னார்.

அங்கே மூன்று தடவையும் பொடி செய்து தோற்றவர், தடித்த கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர். கூடத்தில் அவருக்குக் 'கண்ணாடிக்காரர்' என்றே பெயர். வந்திருப்பவர் தம் தவற்றைக் கண்டுபிடிக்க வந்தவர் என்று எண்ணி, முதல் நாள் காலை முழுவதும் உம்மென்று இருந்தார். பொடியக்கா ஒவ்வொரு குப்பியையும் தொடும்முன் அவரிடம் அனுமதி கேட்டதும், பிற்பகலில் மெல்ல இளகினார்.

முதல் நாள் பொடி செய்தார்கள். இரண்டாம் நாள் அதை உடற்சூட்டில் நீரில் ஊறவைத்தார்கள். மூன்றாம் நாள் காலை, எவ்வளவு புரதம் வெளிவந்திருக்கிறது என்று அளந்தார்கள். பேராசிரியர், கண்ணாடிக்காரர், பொடியக்கா மூவரும் திரையைச் சுற்றி நின்றார்கள்.

ஐம்பத்தெட்டு விழுக்காடு.

அவருடைய கைகளாலேயே செய்த பொடி. அவருடைய கண்ணெதிரே நடந்த அளவீடு. இதற்குமேல் யாரைக் கேட்பது? கண்ணாடிக்காரர் தணிந்த குரலில், "என் கைதான் ராசியில்லாத கைன்னு நெனச்சேம்மா. உங்களுக்குமா?" என்றார். அந்தக் குரலில் கேலி இல்லை. துணை கிடைத்த நிம்மதி இருந்தது.

பொடியக்கா தம் ஏட்டை எடுத்து, தேதியிட்டு, 'ஐம்பத்தெட்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பேராசிரியர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இன்னொரு தடவை செய்யலாமா என்று பொடியக்கா கேட்டார், அவர் சரியென்று தலையசைத்தார்.

இரண்டாம் தடவை ஒவ்வோர் அடியையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே செய்தார்கள். சொட்டு விடும் வேகம், சுழற்சியின் வேகம், குப்பியின் அளவு என்று எதிலும் வேறுபாடு இல்லை. மூன்றாம் கழுவலும் முடிந்தது. கண்ணாடிக்காரர் தேநீர் கொண்டுவந்து மேசைமீது வைத்தார். பொடியக்கா ஏட்டில் குறிப்பெழுத உட்கார்ந்தார். எழுதி முடிப்பதற்குள் தேநீர் ஆறி, மேலே ஆடை படிந்துவிட்டது.

"டீ பிடிக்காதாம்மா? காப்பி வேணும்னா சொல்லுங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

பிடிக்கும் என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை. கோப்பையைப் பார்த்தார், தம் கைகளைப் பார்த்தார். விரல்களை மடக்கி நீட்டினார். அவை சொன்னபடி கேட்டன. விறைப்பு இல்லை, வலி இல்லை. இத்தனை ஆண்டுகளில் தம் கூடத்தில் பொடி செய்து முடித்த எந்த நாளிலும் அவர் கோப்பையை மேசைமீது விட்டுவைத்ததில்லை.

"ஐயா, ஒரு வெப்பமானி கொடுங்களேன்" என்றார்.

கழுவிய நீரில் மிச்சம் இருந்தது. வெப்பமானி முப்பத்தொரு டிகிரி காட்டியது. அந்தக் கூடத்தில் நீர்ச் சுத்திகரிப்புக் கருவி கையெட்டும் தொலைவில் சுவரில் இருந்தது. வேண்டும்போது திறந்து பிடித்துக்கொள்வார்கள். பொடியக்காவின் கூடத்திலோ அது இரண்டு மாடிகளுக்குக் கீழே இருந்தது. ஆகவே, முதல் நாள் மாலையே அவர் மூன்று குப்பிகளில் நீரைப் பிடித்துவந்துவிடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேசைமீது வைத்த ஒரு குப்பியில் பாசி பிடித்துவிட்டது. அன்றுமுதல் குப்பிகளைக் குளிர்பெட்டியில் வைப்பது அவருக்கு வழக்கமாயிற்று. பாசிக்காகச் செய்த காரியம் அது. பொடிக்கும் அதற்கும் தொடர்புண்டு என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. கட்டுரை எழுதியவர்கள், 'மூன்று முறை தூய நீரால் கழுவ வேண்டும்' என்று எழுதினார்கள். நீரின் குளிர்ச்சியைப் பற்றி அவர்கள் கேட்கவுமில்லை; அவர் சொல்லவுமில்லை. கழுவும்போது துகள்கள் இன்னும் இளசாகவே இருக்கும். சில்லென்ற நீர் பட்டால் இறுகிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீர் பட்டாலோ நெகிழ்ந்து, உள்ளே இருப்பதை வெளியே கசியவிடும்.

இதைக் கேட்டதும் கண்ணாடிக்காரர் குளிர்பெட்டியை நோக்கி ஓடினார். மறுநாள் குளிர்ந்த நீரை வைத்துப் பொடியக்காவே செய்துகாட்டட்டும் என்று பேராசிரியர் சொன்னார். அப்படிச் செய்திருந்தால், அவர் பெயரும் காப்பாற்றப்பட்டிருக்கும். ஊருக்கும் நிமிர்ந்த தலையோடு திரும்பியிருப்பார். ஆனால், பொடியக்கா மறுத்துத் தலையை ஆட்டினார்.

"நான் செய்யக் கூடாதுங்க. இவர் செய்யட்டும். என் கை பட்டாத்தான் இந்தப் பொடி வரும்னா, அது வித்தைங்க, மருந்து இல்ல."

அவர் கேட்டுக்கொண்டபடி, கண்ணாடிக்காரர் ஒரே கரைசலை இரண்டு பாதியாக்கி, ஒன்றைக் குளிர்ந்த நீரிலும் மற்றொன்றை வெதுவெதுப்பான நீரிலும் கழுவினார். குப்பிகளுக்கு எண்ணிட்டவர் பேராசிரியர். எது எதுவென்று அளப்பவருக்குத் தெரியாது. அந்த நேரமெல்லாம் பொடியக்கா கூடத்துக்குள் கால் வைக்கவில்லை. வெளியே நடைவழியில், மடியில் ஏட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தால்கூடத் தாம் சாடை காட்டியதாக யாராவது நினைத்துவிடக் கூடாதாம்.

மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் பேராசிரியர். அவர் நடைவழி பெஞ்சில், பொடியக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே அவர் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"ஒண்ணு அம்பத்தஞ்சு. இன்னொண்ணு பத்து" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தக் கடிதத்துல கடைசி வரியை நான் வேற மாதிரி எழுதியிருக்கணும்" என்றும் சொன்னார்.

"நீங்க எழுதலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க" என்றார் பொடியக்கா. உள்ளே இருந்து கண்ணாடிக்காரரின் சீழ்க்கை கேட்டது.

அன்று மாலை பொடியக்கா தலைமை மருத்துவரிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னார். மருத்துவருக்கு உயிர் வந்தது. அந்த மகிழ்ச்சியில், அவர்கள் நீரைக் குளிர்விக்காமல் விட்டதால்தான் தவறு நேர்ந்தது என்று இரண்டு வரிகளில் பதில் எழுதிவிடலாம் என்றார்.

"அப்படி வேணாம் டாக்டர். குளிர வைக்கணும்னு நாம எங்கே எழுதினோம்?"

"எழுதல. ஆனா தப்பு பண்ணினதா ஒத்துக்கிட்டா, அனுமதி கொடுக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"அவங்க என்ன நினைப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. இங்க பொடி செஞ்சவரு ஆறு மாசமாத் தன் கையைத் தானே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்திருக்காரு. அது எனக்குத் தெரியும். தப்பு என்னோடதுன்னே எழுதுங்க."

மருத்துவர், "நம்மோடதுன்னு எழுதறேன்" என்றார்.

அவ்வாறே ஆய்விதழில் ஒரு திருத்தக் குறிப்பு வெளிவந்தது. கழுவும் நீர் நான்கு டிகிரியில் இருக்க வேண்டும் என்பதும், மூலக் கட்டுரையில் அது விடுபட்டது எழுதியவர்களின் குறை என்பதும், அதைக் கண்டறிந்தவர்கள் இரு கூடங்களின் தொழில்நுட்பவியலாளர்கள் என்பதும் அதில் இருந்தன. அனுமதி கொடுப்பவர்கள் அதைப் படித்துவிட்டு, விண்ணப்பத்தைத் தள்ளிவிடாமல், இன்னும் ஒரு நிபந்தனையோடு எடுத்து வைத்துக்கொண்டார்கள்: இந்தப் பொடியை இதுவரை பார்த்தேயிராத ஒருவர், எழுதியதை மட்டும் படித்து, அதைச் சரியாகச் செய்துகாட்ட வேண்டும்.

ஆகவே, பொடியக்கா இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார். ஆய்விதழில் ஒன்றரைப் பத்தியாக இருந்த செய்முறை இருபத்தாறு பக்கங்களாகிவிட்டது. கேள்வி கேட்பவர் கண்ணாடிக்காரர். வாரத்துக்கொருமுறை அவரிடமிருந்து ஒரு பட்டியல் வரும். குப்பியை எந்தப் பக்கம் சாய்த்து ஊற்றுகிறீர்கள்? கையுறை ஒன்றா, இரண்டா? சொட்டு விடும்போது பேசுவீர்களா? இவற்றில் பாதியைத் தாம் எப்படிச் செய்கிறோம் என்பது பொடியக்காவுக்கே தெரியவில்லை. வேலை செய்யும்போது நின்று, தம் கையைத் தாமே வேடிக்கை பார்த்து, பிறகு எழுதுகிறார். கணவர் எதிரே உட்கார்ந்து, எழுதியதைப் படித்துப் பார்த்து, புரியாத வரிகளின் ஓரத்தில் இடக்கையால் கோடு போடுவார். பணிமனையில் இருபத்தெட்டு ஆண்டுகள் பழுதுபார்ப்புக் கையேடு படித்தவருக்கு, எந்த வரி ஆளைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகும் என்பது தெரியும்.

சென்ற வாரப் பட்டியலில் முப்பத்து நான்காவது கேள்வி: இரண்டாம் கழுவலுக்குப் பிறகு நீங்கள் சற்றுநேரம் சும்மா நின்றதைக் கண்டேன்; எதற்காக?

பொடியக்கா அன்று முழுவதும் யோசித்தார். மறுநாள் காலை, அந்தக் கேள்விக்கு எதிரே 'காரணம் தெரியாது. நிற்காமல் ஒருமுறையும் நின்று ஒருமுறையும் செய்துபார்த்து எழுதுகிறேன்' என்று எழுதினார். பிறகு, கையுறையை மாட்டிக்கொண்டு தராசின் முன்னால் போய் உட்கார்ந்தார்.